நாங்கள் பேசிக்கொள்ள ஓர் இடம்

அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியதிலிருந்து என்னுடைய பாதி அலுவலகம் புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனை வராந்தாவில்தான் நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில், ஆலங்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து அவரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவேன். உள்ளே இயந்திரத்தோடு அவரை இணைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். நாலு மணி நேரம் கழித்துத்தான் வெளியே விடுவார்கள். வராந்தாவில், லிஃப்டுக்குப் பக்கத்து ஜன்னலோரம் ஒரு பிளக் பாயின்ட் உண்டு. சிக்னலும் அங்கேதான் நன்றாக வரும். அந்த நாற்காலியைப் பிடிப்பதற்காகவே அப்பாவை அவசரப்படுத்திக் கிளப்புவேன். மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மற்ற நோயாளிகளோடு வந்தவர்கள் என்னை மருத்துவமனை ஊழியர் என்று நினைத்துக்கொண்டு, "டோக்கன் எங்கிட்டுங்க வாங்கணும்?" என்று கேட்பார்கள். நானும் கையைக் காட்டுவேன்.

அம்மா இறந்து வருஷங்களாகிவிட்டன. அண்ணன் சிங்கப்பூரில். அதனால் அப்பாவுக்கு நான் மட்டும்தான்.

நான் வேலைபார்ப்பது சென்னையில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில். வெளிநாட்டில் உள்ள கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு நேரம் பதிவுசெய்து கொடுக்கும் மென்பொருள் ஒன்றை நாங்கள் பராமரித்து வந்தோம். கொரோனாவில் எல்லோரும் ஊருக்குத் திரும்பியபோது, புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களாக இருந்த எங்கள் மூன்று பேரையும் ஒரே குழுவாகச் சேர்த்தார்கள். கீரனூரில், நான் தம்பி என்று கூப்பிடும் ஒரு பையன், ஊரடங்கு நேரத்தில் நானே புதிதாக வேலைக்கு எடுத்தவன். இலுப்பூரில் கைக்குழந்தையோடு ஒரு பெண். நான் அவர்களுக்கு லீட், அதாவது குழுத்தலைவி. மற்ற குழுக்களை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகச் சென்னைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்களை மட்டும் எப்படியோ விட்டுவைத்திருந்தார்கள். அப்பாவின் டயாலிசிஸ் விஷயத்தை நான் மேலாளரிடம் சொல்லவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டதே பெரிய சலுகை. அதற்கு மேலும் ஒன்றைச் சொன்னால் இருக்கிறதும் போய்விடுமோ என்ற பயம். வேலை எதுவும் நிற்காமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சலுகைக்கு வேட்டு வைத்தது ஒரு செய்தி. புதிதாக எழுதிய ஒரு மாற்றத்தை மாலையில் வெளியிடுவதாக இருந்தது. வெளியிடலாம் என்று வாடிக்கையாளர் காலையில் மின்னஞ்சல் அனுப்பினார். மதியம் அவருக்கு ஒரு சந்தேகம் வந்து, இன்றைக்கு வேண்டாம் என்று மேலாளருக்குச் சொல்ல, மேலாளர் அதை வாட்ஸப் குழுவில் ஒரு வரியாகப் போட்டார். அந்த நேரத்தில் நான் அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியிடும் பொறுப்பு இலுப்பூர்ப் பெண்ணுடையது. அவளுடைய போன் சார்ஜரில் கிடந்தது. அவள் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தாள், அனுமதி இருந்தது, வெளியிட்டுவிட்டாள். மறுநாள் அந்த ஊர்க் கிளினிக்குகளில் எல்லாருடைய நேரமும் ஒரு மணி முன்னே பின்னே மாறிப்போய், வயதானவர்கள் எல்லாம் மூடிய கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார்கள்.

மேலாளர் எங்களை அழைத்தார். அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றைக்கும் கத்தவில்லை.

"மெயில்ல ஒண்ணு பேசுறீங்க, வாட்ஸப்ல ஒண்ணு பேசுறீங்க, போன்ல ஒண்ணு பேசுறீங்க. எது எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல. இந்த மாசத்துக்குள்ள ஒரே ஒரு டூல் முடிவு பண்ணுங்க. எல்லாம் அதுலதான் நடக்கணும். அது சரிப்படலன்னா மூணு பேரும் சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உக்காருங்க. வேற வழி இல்ல."

"நாங்களே பாத்துச் சொல்றோம் சார்," என்றேன்.

"பாருங்க. நான் ஒண்ணு சொல்றேன், அதையும் ட்ரை பண்ணுங்க."

அழைப்பு முடிந்ததும் இலுப்பூர்ப் பெண் எனக்குத் தனியாகப் போன் அடித்தாள். "அக்கா, என் பேரச் சொல்லிருவாங்களாக்கா?" என்று கேட்டாள். யார் பேரையும் யாரும் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பினதாகத் தெரியவில்லை.

மேலாளர் சொன்ன மென்பொருளுக்கு நாங்கள் மூவரும் கேமரா அறை என்று பேர் வைத்துக்கொண்டோம். காலையில் உள்ளே நுழைந்தால் சாயங்காலம்வரை அதிலேயே இருக்க வேண்டும். திரையில் ஆளுக்கொரு கட்டத்தில் முகம் தெரிந்துகொண்டே இருக்கும். ஆள் இருந்தால் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம். கொஞ்ச நேரம் அசைவில்லாமல் போனால் சாம்பல் வளையம். யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் முகத்தைத் தொட்டால் போதும், உடனே பேசலாம். ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும் என்று மேலாளர் சந்தோஷமாகச் சொன்னார். வாடிக்கையாளருக்கும் அதில் ஒரு கட்டம் கொடுத்திருந்தார்.

வீட்டில் இருக்கிற நாளில் பிரச்சினை இல்லை. வராந்தா நாளில் என்ன செய்வது? லேப்டாப்பைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி, பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் தெரியும்படி உட்கார்ந்தேன். யாராவது கடந்து போனால் மைக்கை அணைத்தேன். நர்ஸ் வெளியே வந்து "ஒங்கப்பா கூப்புடுறாருங்க" என்றால், சிரித்த முகத்தோடு எழுந்து போய், உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, வளையம் சாம்பலாவதற்குள் ஓடிவருவேன்.

"யாருக்குத்தா இப்புடி ஓடுற?" என்றார் அப்பா ஒருநாள். ஆலங்குடி வழித்தடத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவருக்கு நின்று பேசாதவர்களைக் கண்டால் பிடிக்காது.

"ஆபீஸ்லப்பா. என்னையப் பாத்துக்கிட்டே இருப்பாங்க."

"எதுக்கு?"

வளையம் சாம்பலாகியிருக்குமோ என்று வெளியே ஓடினேன்.

கீரனூர்த் தம்பியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவனுக்குத் திக்குவாய். எங்கள் மூவரில் நன்றாக ப்ரோக்ராம் எழுதுகிறவன் அவன்தான். எதைக் கேட்டாலும் தெளிவாக எழுதி அனுப்புவான். நான் அவனை வேலைக்கு எடுத்தபோது எல்லாம் எழுத்தில்தான் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் நேரில் சந்தித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. 'வணக்கம்' சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் காத்திருந்தேன். அதன்பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவன் போனில் பேசமாட்டான், எழுதுவான், அவ்வளவுதான். மேலாளருக்கு இது தெரியாது. குழு அழைப்புகளில் அவன் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பான். சொல்ல வேண்டியதை எனக்கு எழுதுவான், நான் சொல்லிவிடுவேன். நெட் சரியில்லாத ஊர் என்பதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேமரா அறையில் அது நடக்கவில்லை. மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். நல்ல மாதிரியான பெண்மணி. நேரம் மாறிப்போனது எப்படி என்று விளக்கம் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டு, அந்தப் பகுதியை எழுதியவர் யார், அவரே சொல்லட்டுமே என்று கீரனூர்த் தம்பியின் முகத்தைத் தொட்டுவிட்டார். அவன் கட்டம் பெரிதாகித் திரை முழுக்க வந்தது.

அவன் மைக்கைத் திறந்தான். முதல் வார்த்தையிலேயே அடைத்துக்கொண்டது. வாய் பாதி திறந்தபடி இருந்தது. கண்கள் மூடியிருந்தன. தாடை இறுகியிருந்தது. சத்தம் வரவில்லை. உடம்பில் ஓர் அசைவுகூட இல்லை. நான் என் பற்களைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் பேசினால் அவனைக் காப்பாற்றுவதாகவும் ஆகும், அவமானப்படுத்துவதாகவும் ஆகும்.

"அவருடைய படம் உறைந்துவிட்டது போலிருக்கிறதே," என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஆமாம், அந்தப் பக்கம் நெட் எப்பவும் அப்படித்தான்," என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே.

அவன் கண்ணைத் திறந்தான். அவர்கள் சொன்னதை அவன் கேட்டுவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. அப்படியே அசையாமல் இருந்தான். உறைந்தவனாகவே இருந்துகொண்டான். பிறகு அவன் கட்டம் கருப்பாகி மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வரி எழுதி அனுப்பினான்: "மன்னிக்கவும், நெட் போய்விட்டது."

அந்த அம்மா, பரவாயில்லை, கவலைப்படாதீர்கள் என்று அன்பாகப் பதில் போட்டார்.

அன்றைக்கு வராந்தாவில் உட்கார்ந்து வேறு வழி தேடத் தொடங்கினேன். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதாகச் சொல்லும் பெரிய மென்பொருள் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை திறக்க வேண்டும். அட்டையில் யார், எப்போது, எவ்வளவு அவசரம் என்று நிரப்பிக்கொண்டே போக வேண்டும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இலுப்பூரில் அந்தப் பக்கம் திறப்பதற்குள் குழந்தை தூங்கி எழுந்துவிடும் என்றாள் அந்தப் பெண். கடைசியில் அட்டையில் போட்டாயிற்றா என்று கேட்பதற்கே ஒருவருக்கொருவர் வாட்ஸப் அனுப்பிக்கொண்டோம். அதை விட்டுவிட்டோம்.

மூன்றாவதாகக் கிடைத்தது எளிமையானது. வெறும் எழுத்து. ஒரு விஷயத்துக்கு ஒரு தலைப்பு, அதன் கீழே பேச்சு, கடைசியில் முடிவு. தலைப்பைத் திறந்தால் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்று மேலிருந்து கீழாகப் படித்துக்கொள்ளலாம். எங்கள் ஊர் சிக்னலுக்கும் அது பஞ்சுபோல் லேசாகத் திறந்தது. கீரனூர்த் தம்பி அதில் முதல் நாளே, நேரம் எப்படி மாறிப்போனது, இனி எப்படித் தடுப்பது என்று ஒரு பக்கம் எழுதினான். படித்துவிட்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். 'வேண்டாம்' என்ற ஒரு வரி இந்த இடத்தில் வந்திருந்தால் தொலைந்திருக்காது.

மேலாளரிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா க்ளையன்ட்டுக்கு முகம் பாக்கணும். அவங்களுக்கு நம்பிக்கை போயிருக்கு. இப்பப் போய் எழுதிக்கிறோம்னு சொன்னா ஒளிஞ்சுக்கிறோம்னு நெனப்பாங்க. உங்க டீம்ல கேமராவால யாருக்கு என்ன கஷ்டம்? ஒரு காரணம் சொல்லுங்க, நான் பேசுறேன்."

என்னிடம் காரணம் இருந்தது. என்னுடையது இருந்தது, கீரனூர்த் தம்பியுடையது இருந்தது. என்னுடையதைச் சொல்லப் பயமாக இருந்தது. அவனுடையது நான் சொல்லக்கூடியது இல்லை. "நெட் பிரச்சினைதான் சார்," என்றேன். அவர் நம்பும் காரணம் அது ஒன்றுதான். அதற்கும் அவர் தீர்வு வைத்திருந்தார். மூவர் வீட்டுக்கும் வேகமான இணைப்புக்கு நிறுவனம் ஏற்பாடு செய்யும் என்றார். மாதக் கடைசியில் வாடிக்கையாளரையும் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதாகவும், அதுவரை கேமரா அறை தொடரட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு டயாலிசிஸ் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டு அத்தையைத் துணைக்கு வைத்துவிட்டுக் கீரனூருக்குப் பஸ் ஏறினேன். திருச்சி ரோட்டில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. தம்பி முன்னாலேயே வந்து நின்றிருந்தான். டீயை வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"சார்கிட்ட சொல்லவாப்பா?" என்று கேட்டேன். "நீ சரின்னா சொல்றேன். ஒனக்கு ஒண்ணும் ஆகாது. கேமராவ எடுத்துருவாங்க, அவ்வளவுதான்."

அவன் டீயைக் கீழே வைத்தான். பேச ஆரம்பித்தான். ரோட்டில் திருச்சிப் பஸ் ஒன்று வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு பக்கம் திரும்பவில்லை.

"வே... வே... வேணாங்க்கா. நெட்டு போ... போச்சுன்னே இருக்கட்டும்."

"எத்தன நாளைக்குப்பா அப்புடி இருக்க முடியும்?"

"காலேஜ்ல அ... அப்புடித்தான் இருந்தேன். வைவாப் பரீட்சைல பேசணுமேன்னு கா... காய்ச்சல்னு லீவு போட்டேன்." கொஞ்சம் சிரித்தான். "இந்த வே... வேலைலதாங்க்கா, எனக்கு இது இருக்குறதே மறந்து இருந்தேன்."

அந்த வார்த்தைக்குப் பிறகு என்னால் டீ குடிக்க முடியவில்லை. திருச்சியில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கும் வேலைக்குக் கேட்டிருக்கிறானாம், அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லையாம். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள் என்று கெஞ்சினேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, சென்னைக்கே போய்விட்டால் என்ன என்று யோசித்தேன். அப்பாவை அங்கே கொண்டுபோய் எந்த மாடியில் ஏற்றுவது, யார் பார்ப்பது? யோசனை ஓடி ஓடி ஒரே இடத்தில் வந்து முட்டி நின்றது.

இரண்டு நாள் கழித்து இலுப்பூர்ப் பெண் அழைத்தாள். பகலில், கேமரா அறையிலிருந்து சொல்லாமல் வெளியேறி, மொட்டைமாடிக்குப் போய் அழைத்திருக்கிறாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் நிப்பாட்டிக்கிறேங்க்கா."

"ஏம்மா? என்னாச்சு?"

"வீடு முழுக்க ஆளுங்க்கா. நான் உக்காந்து வேல பாக்குறதே நடு ஹால்லதான். நாள் பூரா கேமரா ஓடுனா மாமனார் அந்தப் பக்கம் வரமாட்டேங்குறாரு. மாமியா சத்தமாப் பேச மாட்டேங்குது. அவங்க வீட்லயே அவங்க ஒளிஞ்சுக்கிட்டு நடக்குறாங்க. புள்ளைக்குப் பால் குடுக்கப் போனா அந்த வளையம் மாறிருது. திரும்பி வந்து பாத்தா சார், 'எங்க போனீங்க'ன்னு போட்டுருக்காரு. பால் குடுத்தேன்னு எப்புடிங்க்கா எழுதுறது?"

"இன்னும் கொஞ்ச நாள்தாம்மா. மாசக் கடைசில மாத்திருவோம்."

"முடிவு வர்ற வரைக்கும் என்னால இழுத்துப்புடிக்க முடியாதுங்க்கா. அன்னைக்கு ஒரு தடவ தப்பு நடந்ததுலருந்து எனக்கு உள்ளுக்குள்ள நடுங்கிக்கிட்டேதான் இருக்கு. வெளியிடுற பட்டன அமுக்கவே கை வர மாட்டேங்குது."

அது உன் தப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரிங்க்கா, புள்ள அழுகுது," என்று வைத்துவிட்டாள். ராஜினாமா மின்னஞ்சல் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. சொந்தக் காரணங்கள் என்று எழுதியிருந்தாள். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, "கைக்குழந்தை இருக்குல்ல, கஷ்டந்தான்," என்றார்.

மாதக் கடைசிக் கூட்டம் டயாலிசிஸ் நாளில் வந்து விழுந்தது. வேறு நாளுக்கு மாற்றக் கேட்டேன், முடியவில்லை. வழக்கம்போல் வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மேலாளர், வாடிக்கையாளர் அம்மா, கீரனூர்த் தம்பி எல்லோரும் கட்டங்களில் இருந்தார்கள். எழுதும் இடத்துக்காக நான் பேச ஆரம்பித்து, பாதிகூட ஆகியிருக்காது, கதவு திறந்தது.

"பெரியவரோட அட்டெண்டர், கூட வந்தவங்க யாருங்க? சீக்கிரம் வாங்க!"

அந்தக் குரலில் இருந்த வேகம் என்னைத் தூக்கிவிட்டது. லேப்டாப்பை மூடணும், மைக்கை அணைக்கணும் என்பதெல்லாம் தோன்றவில்லை. அதைக் கையில் அப்படியே பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பாவுக்குப் பிரஷர் விழுந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துப்போய், உதடு வறண்டு, கண் மேலே செருகியிருந்தது. இயந்திரம் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஒரு நர்ஸ் கட்டிலின் கால் பக்கத்தை உயர்த்தினார், இன்னொருவர் சலைனைத் திறந்துவிட்டார். என்னை அப்பாவின் கன்னத்தைத் தட்டிக் கூப்பிடச் சொன்னார்கள். லேப்டாப்பைப் பக்கத்துக் காலிக் கட்டிலில் எறிந்துவிட்டு, "அப்பா, அப்பா, இங்க பாருங்கப்பா," என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

அவர் கண்ணைத் திறக்க எவ்வளவு நேரமானது என்று தெரியாது. திறந்ததும், "எதுக்குத்தா கத்துற?" என்றார்.

அதன் பிறகுதான் லேப்டாப் ஞாபகம் வந்தது. அது பக்கத்துக் கட்டிலில் எங்கள் பக்கம் திரும்பியபடியே கிடந்தது. திரையில் என் கட்டத்தைச் சுற்றிப் பச்சை வளையம் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். மேலாளர் மட்டும் இருந்தார்.

"எங்க இருக்கீங்க?" என்றார் மெதுவாக.

"டயாலிசிஸ் வார்டுல சார். அப்பா."

"எவ்வளவு நாளா?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே சொல்லிருக்கலாம்ல. சரி. நீங்க கேமரா போட வேணாம். உங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துர்றேன். மத்தவங்களுக்கு அது அப்படியே இருக்கட்டும். அப்பாவப் பாருங்க."

நன்றி சொன்னேன். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் அப்பாவின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு அழுதேன். அவர் பிழைத்ததற்கா, எனக்கு விலக்கு கிடைத்ததற்கா, இலுப்பூர்ப் பெண்ணுக்கு அது கிடைக்காமல் போனதற்கா, பிரித்துச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில், இன்னும் மூடாமல் இருந்த எங்கள் எழுதும் இடத்தில் ஒரு தலைப்புத் திறந்தேன். நேற்று என்ன நடந்தது, அப்பாவுக்கு இப்போது எப்படி இருக்கிறது, எனக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள், அதை வைத்துக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் தைரியம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். அதைப் படிக்க மிஞ்சியிருந்தது கீரனூர்த் தம்பி ஒருவன்தான். மேலாளருக்கும் அங்கே அனுமதி உண்டு, ஆனால் அவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

தம்பி வெகுநேரம் பதில் எழுதவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறான் என்று மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு வந்தது. மேலாளரின் பெயரையும் சேர்த்து, அவர் கண்ணில் படும்படி எழுதியிருந்தான்.

"அன்று நெட் போகவில்லை சார். எனக்குத் திக்குவாய். பேச முயன்றுகொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் நெட் என்று சொன்னதால் அப்படியே இருந்துவிட்டேன். என்னால் பேச முடியும், ஆனால் நேரம் எடுக்கும். கேமராவுக்கு முன்னால் இன்னும் அதிக நேரம் எடுக்கும். எழுதினால் எடுக்காது. என் வேலையைப் பற்றி என்ன கேட்டாலும் இங்கே எழுதிப் பதில் சொல்வேன். இது சரிப்படாது என்றால் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன். அக்காவுக்குக் கொடுத்த விலக்கு எனக்கு வேண்டாம். இலுப்பூர் அக்காவும் இதனால்தான் போனார்கள். ஒவ்வொருவராக விலக்குக் கொடுத்தால் அந்த அறையில் யார் மிச்சம் இருப்பார்கள்?"

படித்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றேன். போனில் அவனை அழைக்கப் போய், அழைக்காமல், "படித்தேன்" என்று மட்டும் எழுதினேன்.

மேலாளர் அன்று பதில் எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. முடிந்தது என்று நினைத்தேன். வேலை தேடும் தளங்களில் என் விவரத்தைப் புதுப்பித்தேன். புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் எதிலாவது பாடம் எடுக்க ஆள் வேண்டுமா என்று ஒருவரிடம் விசாரித்தேன். அப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலைல எதுவும் சிக்கலாத்தா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வாரக் கடைசியில் அதே தலைப்பின் கீழே மேலாளர் எழுதியிருந்தார். சுருக்கமாகத்தான். கேமரா அறையை நிறுத்திவிடலாம். எல்லா முடிவுகளும் இந்த எழுதும் இடத்திலேயே இருக்கட்டும். வாட்ஸப்பில் வேலை விஷயம் எதுவும் யாரும் போடக்கூடாது, தானும் போடமாட்டேன். வாடிக்கையாளரோடு முகம் பார்த்துப் பேச வேண்டியதைத் தானே பார்த்துக்கொள்கிறேன். கடைசியில் தம்பிக்குத் தனியாக ஒரு வரி: "அன்று சிரித்ததற்கு மன்னிக்கவும்."

வாடிக்கையாளர் தரப்பில் பெரிய எதிர்ப்பு வரும் என்று பயந்தோம். ஒன்றுமே வரவில்லை. அவர்கள் ஊர் நேரமும் நம் நேரமும் வேறு என்பதால், எழுதிவைத்தால் தங்களுக்கும் வசதிதான் என்று அந்த அம்மா எழுதினார். வார்டில் பார்த்த பெரியவர் எப்படி இருக்கிறார் என்றும் கேட்டிருந்தார். இவ்வளவு சுலபமாக முடியக்கூடிய ஒன்றுக்காகவா இத்தனை பாடு என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கீரனூர்த் தம்பி திருச்சிக் கடைக்குப் போகவில்லை. இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். நேரில் சந்திக்கும்போது முன்னைவிட அதிகம் பேசுகிறான், திக்கித் திக்கி, நிறுத்தாமல்.

இலுப்பூர்ப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட மேலாளர் ஒத்துக்கொண்டார். வராந்தாவில் இருந்தபடியே அவளை அழைத்தேன். எல்லாம் மாறிவிட்டது, கேமரா கிடையாது, வளையம் கிடையாது, உன் இடம் அப்படியே காலியாக இருக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சந்தோசங்க்கா," என்றாள். நிஜமாகவே சந்தோஷப்பட்ட குரல். "ஆனா நான் இங்க ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல சேந்துட்டேங்க்கா. சம்பளம் கம்மிதான். நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துருவேன். வீட்லயும் இப்ப நிம்மதியா இருக்காங்க."

"நீ எழுதுன ப்ரோக்ராம் எதையும் இன்னும் மாத்தலம்மா. நல்லா ஓடுது."

"அப்புடியாக்கா?" என்றாள். "இன்னொரு தடவ அந்தப் பயத்துக்குள்ள என்னால வர முடியாதுங்க்கா. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேங்க்கா, அப்பாவக் கேட்டதாச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள்.

ஒரு கிழவர் வந்து டோக்கன் எங்கே வாங்குவது என்று கேட்டார். எழுந்து கூடவே போய்க் காட்டிவிட்டு வந்தேன். அதற்குள் கதவு திறந்து, அப்பாவைச் சக்கர நாற்காலியில் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள்.